தலையாட்டலுக்கு அரை சென்ட்

நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரத்தில், ஈஸ்ட் டாமாக்கியில் இருக்கும் பொன்வேல் ஃபுட்ஸ் என்ற மசாலாத் தொழிற்சாலையின் பின்பக்கத்துக் காலி நிலம், வாங்கியபோது பதினொரு சென்ட் இருந்தது. நாலாவது வருடம் ஏழு ஏக்கர் நாற்பது சென்ட் ஆகியிருந்தது. வேலி இருந்த இடத்திலேயே இருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் லாரி நிறுத்தும் கம்பெனிக்காரர் ஓர் அங்குலமும் இழக்கவில்லை. தெருவில் நின்று பார்த்தால் கட்டடத்துக்கும் பின்வேலிக்கும் நடுவே அதே முப்பத்தெட்டு மீட்டர்தான். கதவைத் திறந்து உள்ளே இறங்கி நடந்தால் வேலியைத் தொடப் பத்து நிமிடம் ஆகும், மழை நாளில் பதினைந்து. நகரக் கவுன்சில் முதலில் ஒரு கடிதம் அனுப்பியது, பிறகு இன்னொரு கடிதம் அனுப்பியது, மூன்றாவதாக ஏழு ஏக்கருக்கும் வரி போட்டது. வரி போட்ட பிறகு அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை என்று எல்லாருக்கும் ஆகிவிட்டது.

நிலத்தின் சொந்தக்காரர் சுப்பிரமணியன். இரண்டாயிரத்தொன்பதில் மாமனார் பணத்தோடு வந்து இறங்கி, சாம்பார்ப் பொடியில் ஆரம்பித்து, தோசை மாவுக்கு வந்து, அங்கிருந்து நேராகப் பெரிய மனிதராகிவிட்டவர். கோயிலில் அவர் கொடுத்த டியூப் லைட்டுகளில் 'உபயம்' என்று அவர் பெயரை எழுதி எழுதி, வெளிச்சம் கீழே இறங்க இடமில்லாமல் போயிற்று. அவர் காரின் டிக்கியில் எந்நேரமும் நாலு பொன்னாடைகள் மடித்து இருக்கும். விழாவில் போர்த்த மறந்துவிட்ட அமைப்பாளர்களிடம் அவரே ஒன்றை எடுத்துக் கொடுத்துவிட்டு, கூச்சத்தோடு குனிந்து கழுத்தைக் காட்டுவார். 'புலம்பெயர் வள்ளல்' என்ற பட்டத்தை அவருக்கு வழங்கிய சங்கத்துக்குத் தலைவர் அவர். பொருளாளர் அவர் மனைவி சாந்தகுமாரி. உறுப்பினர்கள் தொழிற்சாலையில் சம்பளம் வாங்குகிறவர்கள். இப்படிப்பட்டவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. கல்யாணமோ, காதுகுத்தோ, கோயில் திருவிழாவோ, எங்கே ஒரு தமிழனைப் பார்த்தாலும் அவன் தோளில் கையைப் போட்டு, பக்கத்தில் நிற்பவரிடம், "இவனை இந்த நாட்டுக்குக் கொண்டு வந்ததே நான்தான்" என்பார்.

நம் ஆட்களுக்கும் ஒரு பழக்கம் உண்டு. பெரிய மனுஷன் சபையில் ஒன்றைச் சொல்லிவிட்டால், பொய் என்று தெரிந்தாலும் தலையை ஆட்டிவைப்பது. நேராக மேலும் கீழும் ஆட்டுவதில்லை, பக்கவாட்டிலும் ஆட்டுவதில்லை. இரண்டுக்கும் நடுவே, கழுத்தில் எண்ணெய் போட்டதுபோல ஓர் ஆட்டம். அது ஆமாவா இல்லையா என்று நியூசிலாந்துக்காரர்கள் பல வருடம் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்த்தும் கண்டுபிடிக்கவில்லை. நிலத்துக்கு முதல் நாளே புரிந்துவிட்டது. சுப்பிரமணியன் சொல்லி, ஒருவன் தலையாட்டினால், தொழிற்சாலைக்குப் பின்னால் அரை சென்ட் கூடியது.

கதிர் வேலைக்குச் சேர்ந்தபோது நிலம் ஏற்கெனவே நாலு ஏக்கரைத் தாண்டியிருந்தது. திருச்சியில் மெக்கானிக்கல் டிப்ளமோ படித்தவன். விசாக் காகிதத்தில் அவன் தயாரிப்புப் பிரிவு மேலாளர். காகிதத்துக்கு வெளியே, மாவு பாக்கெட் இயந்திரத்தைக் கழற்றி மாட்டுவான், அது ஓடும் நேரத்தில் தரையைத் துடைப்பான். ஏஜென்ட்டுக்குக் கொடுத்தது அவன் பணம், டிக்கெட் அவன் பணம், குளிருக்கு வாங்கிய ஜாக்கெட்டும் அவன் பணம்தான். ஆனால் இரண்டு வருடம் முடிந்ததும் ரெசிடென்ஸுக்கு, அதாவது நிரந்தரமாகத் தங்கும் உரிமைக்கு, ஒரு கடிதம் வேண்டும், அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டியவர் சுப்பிரமணியன். ஆகவே சேர்ந்த மூன்றாவது வாரம் ஒரு வளைகாப்பில், "இவன் கதிரு, நான்தான் கொண்டு வந்தேன், பாவம்" என்று அவர் சொன்னபோது கதிர் தலையாட்டினான். அந்தப் 'பாவம்' எதற்கு என்று வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் யோசித்தான். யோசிப்பதற்கு முன்பே நிலம் வளர்ந்துவிட்டிருந்தது.

மஹதி என்றொரு பெண் சனிக்கிழமைகளில் பேக்கிங்குக்கு வருவாள். மற்ற நாட்களில் நகர மையத்தில் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவி. ஒரு நாள் சுப்பிரமணியன் அவள் மேசைக்கு வந்து, பெண் கல்வியைத் தாம் ஆதரிக்கிறவர் என்று காட்டும் முகத்தோடு நின்றார்.

"உன் படிப்பு எதப் பத்திம்மா?"

"பதினேழாம் நூற்றாண்டு வர்ஜீனியா சார். ஜனத்தொகை, குடியேற்றம், புகையிலை வியாபாரம்."

"அதுல நமக்கு என்ன இருக்கு?"

"நிறைய இருக்கு சார். அங்க ஆள் கொண்டு வந்தா நிலம் குடுத்தாங்க. கப்பல் கட்டணம் யாரு கட்டுனாங்களோ அவங்களுக்குத் தலைக்கு ஐம்பது ஏக்கர். வந்தவன் நாலஞ்சு வருஷம், சில பேர் ஏழு வருஷம், சம்பளமில்லாம அவங்ககிட்டயே வேலை செய்யணும்."

"ஐம்பது ஏக்கரா?" என்றார் சுப்பிரமணியன். அவர் முகம் வாடிவிட்டது. "எனக்கு அரை சென்ட்டுதான் குடுக்குறாங்க."

யார் கொடுக்கிறார்கள் என்று மஹதி கேட்கவில்லை. அவள் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டு போனாள்: ஒரே ஆளைக் காட்டிக் கப்பல் தலைவன் ஒரு தடவை நிலம் வாங்குவான், அவனை வாங்கி விற்ற வியாபாரி ஒரு தடவை வாங்குவான், தோட்டக்காரன் ஒரு தடவை வாங்குவான், கப்பலில் வேலை செய்யும் மாலுமிகளைக்கூட ஒவ்வொரு பயணத்துக்கும் புதிதாக வந்தவர்கள் என்று எழுதிக்கொடுத்தவர்கள் உண்டு, வந்தவர்களில் ஏராளமானோர் ஒப்பந்தம் முடிவதற்குள் காய்ச்சலில் செத்தார்கள், பிழைத்துக் கிடந்தவனுக்குக் கடைசியில் கொஞ்சம் சோளமும் ஒரு ஜோடி உடுப்பும் கிடைத்தது.

"செத்தது கிடக்கட்டும்," என்றார் சுப்பிரமணியன். "அந்த மாலுமி விஷயத்தத் திருப்பிச் சொல்லு."

அடுத்த மாதம் எட்டுப் பேரை மூன்று நாள் ஃபிஜிக்கு அனுப்பினார். குழு ஒற்றுமைப் பயிற்சி என்று அதற்குப் பெயர். மூன்று நாளும் அவரவர் லீவில் கழிந்தது. ஃபிஜிக்கு நம்மவர்களை முன்பே கரும்பு வெட்டக் கப்பலில் கொண்டு போயிருக்கிறார்கள் என்று மஹதி சொன்னதற்கு, "நான் ஃப்ளைட்ல அனுப்புறேன், அத எழுதிக்க" என்றார். திரும்பி வந்தவர்களை விமான நிலையத்தில் மாலையும் போட்டோகிராபருமாக நின்று வரவேற்று, ஒவ்வொருவராகத் தோளைத் தொட்டு, "கொண்டு வந்ததே நான்தான்" என்றார். எட்டுப் பேரும் தூக்கக் கலக்கத்தில் ஆட்டினார்கள். விமான நிலையத்து ஆட்டலுக்கு ஒரு முழு சென்ட் கிடைத்தது. மாலைகளைத் திரும்ப வாங்கி ஃபிரிட்ஜில் வைக்கச் சொல்லிவிட்டார்.

வரி போட்ட பிறகு அளந்து சரிபார்க்கக் கவுன்சிலிலிருந்து வைரெமு என்ற சர்வேயர் வந்தார். அந்த நாட்டின் பூர்வகுடியான மாவோரி அவர், ஈஸ்ட் டாமாக்கியை ஒட்டிய கழிமுகத்தின் கரையெல்லாம் அவருடைய முன்னோர் நடமாடிய இடம். லேசர் கருவி முப்பத்தெட்டு மீட்டர் காட்டியது. அதை அணைத்துப் பையில் போட்டுவிட்டு, கதிரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு காலால் நடந்தார். எழுநூற்றுத் தொண்ணூற்றைந்து மீட்டர் என்று எழுதிக்கொண்டார். வழியில் மண் மாறிக்கொண்டே வந்தது. கொஞ்ச தூரம் கரிசல், கொஞ்ச தூரம் செம்மண், ஓரிடத்தில் கடற்கரை மணல், ஓரிடத்தில் நட்டுச் சில வருடமே ஆன பனை வடலி இரண்டு. வைரெமு குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்து உதிர்த்தார்.

"ஒருத்தனுக்கு நிலம் கூடினால் இன்னொருத்தனுக்குக் குறைந்திருக்கும்," என்றார். "இது எங்கள் வீட்டில் எல்லாரும் நேரில் பார்த்த விஷயம். இங்கே பக்கத்துக்காரர்கள் யாருக்கும் குறையவில்லை. அப்படியானால் எங்கிருந்து வருகிறது?"

கதிர் வேறொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தான். பத்தடி தள்ளி, முழங்கால் உயரத்துக்கு மஞ்சள் பெயின்ட் அடித்த ஒரு கல் நின்றிருந்தது. அதில் கறுப்பில் 47 என்று எழுதியிருந்தது, ஏழின் வால் மட்டும் கொஞ்சம் வழிந்திருந்தது. வழியவிட்டவன் அவன்தான். திருச்சி ஏர்போர்ட்டுக்குத் தெற்கே, காவிரி கார்டன் சிட்டி, இரண்டாம் கட்டம், ப்ளாட் நம்பர் நாற்பத்தேழு: ஐந்தரை சென்ட், அவன் மனைவி தாரிணியின் பெயரில் அவள் அப்பா பதிந்து கொடுத்தது. உலகத்தில் அவள் பெயரில் இருந்த ஒரே சொத்து.

அன்றைக்கே மாமனாருக்குப் போன் போட்டான். அவர் எடுத்தவுடன், "நானே கூப்பிடணும்னு இருந்தேன் மாப்ள" என்றார். "நம்ம ப்ளாட்டு தேஞ்சுகிட்டே வருது. பத்திரத்துல ரெண்டாயிரத்து நானூறு சதுர அடி இருக்கு, தரையில நானூத்து சொச்சம்தான் இருக்கு. நாற்பத்தெட்டாம் நம்பர் வாத்தியார் மேல போலீஸ்ல கம்ப்ளெயின்ட் குடுத்துட்டேன். அவரு என்னடான்னா அழுவுறாரு." கதிர் விரல் விட்டு எண்ணிப் பார்த்தான். வளைகாப்பு, கும்பாபிஷேகம், ஃபிஜி அவனுக்கு இல்லை, ஒரே தீபாவளிக்கு இரண்டு, சங்கத்து ஆண்டு விழா... மொத்தம் ஒன்பது ஆட்டல். நாலரை சென்ட். மிச்சம் ஒரு சென்ட்.

பேக்கிங் மேற்பார்வை பார்க்கும் இராசமலரிடம் சொன்னான். யாழ்ப்பாணத்துப் பெண்மணி, ஐம்பத்தைந்து வயது, மேசையில் எடைத்தராசைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"எனக்கு போன வருசமே தெரியும் தம்பி. அந்தப் பனை வடலி ரெண்டும் எங்கட காணியில நிண்டது. இருபத்தெட்டு வருசம் ஆமிக்காரன் வச்சிருந்து, திருப்பித் தந்தவன். உந்த முதலாளி ஒரு கலியாண வீட்டில என்ர தோளில கை போட்டு எடுத்துப்போட்டார்."

"நீங்க இவருக்கு முன்னாடியே வந்தவங்கதானக்கா?"

"ஓம். நான் வந்தது ரெண்டாயிரத்தியொண்டு. உவர் வந்து இறங்கேக்க எயார்போர்ட்டுக்கு வான் ஓட்டிக்கொண்டு போனது என்ர மனுசன்."

"அப்புறம் ஏன் தலையாட்டுனீங்க?"

இராசமலர் தராசை நிமிர்த்தி வைத்தார். "சபையில கேக்கேக்க என்னெண்டு மாட்டன் எண்டுறது? நீ ஏன் ஆட்டினனி?"

அதற்குக் கதிரிடம் நல்ல பதில் இருந்தது: கடிதம். ரெசிடென்ஸுக்கு இன்னும் ஏழு மாதம். ஆட்டாவிட்டால் கடிதம் இல்லை. ஆட்டினால் தாரிணிக்கு நிலம் இல்லை. இருப்பதோ இரண்டு ஆட்டலுக்கான நிலம். இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு அவன் செய்த காரியம், மெடிக்கல் கடையில் ஒரு கழுத்துப் பட்டை வாங்கியது. எலும்பு முறிந்தவர்கள் போடுவது, வெள்ளை, தாடை வரைக்கும் வரும். அதை மாட்டிக்கொண்டு மூன்று விழாக்களைக் கடத்தினான். அவனைப் பார்த்துவிட்டு இன்னும் நாலு பேருக்குக் கழுத்து சுளுக்கிக்கொண்டது. சுப்பிரமணியன் அனுதாபத்தோடு விசாரித்து, ஆளுக்கு ஒரு தைல பாட்டில் கொடுத்து, கொடுப்பதைப் போட்டோ எடுத்துக்கொண்டார். நாலாவது விழாவில், "பாருங்க, கழுத்து திரும்பலன்னாலும் நன்றி போகல, கண்ணாலயே ஆமாங்குறான்" என்று அவர் சொன்னார். கதிர் கண் சிமிட்டினான். கண் என்று இருந்தால் சிமிட்டத்தான் செய்யும். திருச்சியில் அரை சென்ட் போயிற்று.

தாரிணிக்குப் பார்ட்னர் விசா கிடைத்து, தை பிறப்பதற்குப் பத்து நாள் முன்பு வந்து சேர்ந்தாள். வளையல்களை விற்று டிக்கெட் போட்டிருந்தாள். சுப்பிரமணியன் அப்போது பிரிஸ்பேனில் ஒரு விருது வாங்கப் போயிருந்ததால் விமான நிலையத்து மாலை தப்பியது. ஆனால் பொங்கல் விழா வந்தது. தொழிற்சாலைக்குப் பின்னால், ஏழு ஏக்கரில், தோரணவாயில் வைத்து, மேடை கட்டி, ஐந்நூறு நாற்காலி போட்டு நடத்துவது. புதிதாக வந்த குடும்பங்களை மேடைக்கு அழைத்து அறிமுகம் செய்வார்கள். கதிருக்கு இன்னும் இரண்டு மாதம் பாக்கி.

பாப்பாடோட்டோய் என்ற புறநகரில் அவர்கள் இருந்த ஒற்றை அறை வீட்டில், இட்லி வெந்துகொண்டிருந்தபோது அவன் விஷயத்தை எடுத்தான்.

"மேடையில கூப்பிடுவாரு. ஏதாவது சொல்லுவாரு. நீ ஒண்ணும் பேச வேணாம். சும்மா தலைய ஆட்டிரு."

"ஆட்டுனா?"

"மிச்சம் இருக்குற அரை சென்ட்டும் போயிரும்."

"ஆட்டலைன்னா?"

"கடுதாசி தரமாட்டாரு. மொதல்லேர்ந்து வேற ஆளப் புடிக்கணும். கெடைக்கலன்னா ரெண்டு பேரும் பெட்டியக் கட்டணும்."

அவள் மூடியைத் திறந்து ஆவியை விலகவிட்டாள். "பத்துத் தடவை ஆட்டியிருக்கீங்க. அஞ்சு சென்ட். உங்க வீட்டு நிலத்துல ஒரு சென்ட்டாவது போச்சா?"

"எங்களுக்கு ஏது நிலம்?"

"அதான் கேட்டேன்," என்றாள் தாரிணி.

விழாவன்று வெயில் நன்றாக இருந்தது. உள்ளூர்க் கவுன்சிலர் ஒருவர் வந்திருந்தார். எந்த விழாவுக்கு வந்திருக்கிறோம் என்பது அவருக்கு முழுதாகத் தெரியாவிட்டாலும் எல்லாப் பலகாரங்களையும் பாராட்டினார். சுப்பிரமணியன் பட்டு வேட்டியில், ஏற்கெனவே இரண்டு பொன்னாடையோடு, அமெரிக்காவைப் பற்றிப் பேசத் தொடங்கினார். மஹதியிடம் கேட்டதை அவர் பாணியில் விரித்தார். அந்தக் காலத்தில் ஏழைகளைக் கைதூக்கிவிட்ட மகான்கள் வர்ஜீனியாவில் இருந்தார்கள், தங்கள் செலவில் ஆள் கொண்டு வந்தார்கள், நன்றியுள்ள அரசாங்கம் அவர்களுக்குத் தலைக்கு ஐம்பது ஏக்கர் கொடுத்தது, அந்த மகான்களின் வாரிசாக ஆக்லாந்தில் ஒருவர் இருக்கிறார், அவர் பெயரைத் தன் வாயால் சொல்வது முறையல்ல என்றார். மூன்றாவது வரிசையில் மஹதி கையால் முகத்தை மூடிக்கொண்டாள். பிறகு கதிரையும் தாரிணியையும் மேடைக்கு அழைத்தார்கள். சுப்பிரமணியன் தாரிணியின் தோளைத் தொடத் தயங்கி, அவள் தலைக்கு மேலே ஆசீர்வாதம்போலக் கையை வைத்து, "இந்தத் தங்கச்சியக் கொண்டு வந்ததும் நான்தான்" என்றார். மைக்கை அவள் பக்கம் நீட்டினார்.

"எப்ப சார்?" என்றாள் தாரிணி.

"என்னம்மா?"

"கொண்டு வந்தேன்னீங்களே. எப்ப, எந்த ஃப்ளைட்டுலன்னு கேட்டேன். நான் வந்ததுல நீங்க இல்லையே."

அவள் மரியாதையாகத்தான் கேட்டாள். பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பதுபோல. கூட்டத்தில் சிலர் இருமினார்கள். சுப்பிரமணியன் சிரித்தார், பொன்னாடையைச் சரிசெய்தார், கதிரைப் பார்த்தார். "வெளிநாட்டுக்குப் புதுசு. கதிரு, நீ சொல்லுப்பா."

ஐந்நூறு பேரும் கதிரின் கழுத்தைப் பார்த்தார்கள். அன்று பட்டை போடவில்லை. பத்து முறை ஆடிப் பழகிய கழுத்து, அவனைக் கேட்காமலே அசையத் தொடங்கியது. கதிர் இரண்டு கையாலும் தன் தலையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். குடத்தைச் சுமப்பவன்போல அப்படியே நின்று, "அவ டிக்கெட் அவ போட்டது சார்" என்றான். கொஞ்சம் பொறுத்து, "என்னோடது நான் போட்டது" என்றான்.

தோரணவாயில் ஐந்தடி முன்னால் வந்தது.

அதற்குள் இராசமலர் எழுந்து நின்றுவிட்டார். "எனக்கும் உது தெரிய வேணும். நான் வந்து எட்டு வருசத்துக்குப் பிறகு வந்த நீங்கள் என்னை எப்பிடிக் கொண்டு வந்தனீங்கள் எண்டு ஒருக்காச் சொல்லுங்கோ, கேப்பம்." பனை வடலிகள் இரண்டும் வணக்கம் சொல்வதுபோலச் சாய்ந்து மறைந்தன. கழுத்து சுளுக்கியிருந்த நாலு பேர் பட்டையை அவிழ்த்தார்கள். ஒவ்வொருவராக எழுந்து, யாரும் குரலை உயர்த்தாமல், எப்ப, எந்த டிக்கெட், யார் போட்டது என்று கேட்டார்கள். கேட்கக் கேட்க நிலம் உள்வாங்கியது. வரிசைக்கும் வரிசைக்கும் நடுவே இருந்த இடம் போயிற்று. பிறகு நாற்காலிக்கும் நாற்காலிக்கும் நடுவே இருந்தது போயிற்று. ஐந்நூறு பேரும் அவரவர் தட்டைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு நின்றார்கள். கவுன்சிலர் சாந்தகுமாரியின் மடியில் உட்கார நேர்ந்து, இருவரும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்கள். பொங்கல் பானை மூன்றும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு வந்து மேடையேறின. பதினைந்து நிமிடத்தில் பின்வேலி வந்து முதுகைத் தொட்டது. யாருக்கும் காயமில்லை. சுப்பிரமணியன் மட்டும் மைக்கைப் பிடித்தபடி, தன் பெயர் எழுதிய பேனருக்கும் சுவருக்கும் நடுவே அகப்பட்டு, முக்கால் மணி நேரம் கழித்து எடுக்கப்பட்டார்.

கடிதம் வரவில்லை. திங்கட்கிழமை கதிர் உள்பட ஒன்பது பேருக்கு வேலை இல்லை. மஹதி ஆராய்ச்சியை மூன்று வாரம் ஒத்திப்போட்டு, ஒன்பது பேருக்கும் குடியேற்றத் துறைக்கு விண்ணப்பம் எழுதினாள். பயணத்துக்குப் பணம் கட்டியது யார் என்பதற்கு இவ்வளவு நல்ல சான்றுகள் பதினேழாம் நூற்றாண்டில் கிடைத்திருந்தால் ஆராய்ச்சியே முடிந்திருக்கும் என்றாள். இராசமலர் தன் இடத்திலேயே இருந்தார். அவரை அனுப்பினால் இயந்திரத்தைத் தவிர வேறு யாரும் பேக்கிங் செய்ய மாட்டார்கள், இயந்திரத்தைப் பழுது பார்க்கிறவன் போய்விட்டான். கதிருக்கு ஆறு வாரம் கழித்து எல்லர்ஸ்லியில் ஒரு கம்பெனியில், அலுவலகங்களின் ஏசியைப் பராமரிக்கும் வேலை கிடைத்தது. இரண்டு மாதத்தில் வந்திருக்க வேண்டிய ரெசிடென்ஸ் பதினாலு மாதம் கழித்து வந்தது. இடையில் தாரிணி ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்தாள், இரண்டு முறை பெட்டியைக் கட்டி அவிழ்த்தாள்.

சுப்பிரமணியனுக்கு நஷ்டம் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். கவுன்சில் தன் ஏட்டில் ஏழு ஏக்கர் நாற்பது சென்ட்டை நீக்கவில்லை. நீக்கச் சொல்லி அவர் விண்ணப்பிக்கவும் இல்லை. இன்றும் ஏழு ஏக்கருக்கு வரி கட்டுகிறார். அந்த ரசீதைச் சட்டம் போட்டு அலுவலகத்தில் மாட்டியிருக்கிறார். வருகிறவர்களிடம் அதைக் காட்டிவிட்டு, ஜன்னல் திரையை மட்டும் இழுத்துவிடுவார்.

ரெசிடென்ஸ் வந்த வாரம், மாமனார் போனில் வழக்கத்துக்கு மாறாக மெல்லப் பேசினார். ப்ளாட் திரும்ப வந்துவிட்டது, கல் அதே இடத்தில் நிற்கிறது என்று அவர் முன்பே சொல்லியிருந்தார். சொல்லாமல் விட்டது ஒன்று இருந்தது. "ஆறு சென்ட் இருக்கு மாப்ள. கிழக்கால அரை சென்ட் கூட வந்திருக்கு. ஒரே புல்லு. சித்திரை வெயில்லயும் காயல. வாத்தியார் கண்ணுல பட்டுரும்னு வந்த அன்னிக்கே வேலி போட்டுட்டேன்." ஒன்றரை வருடத்துக்கு முன்பு தன் நிலம் தேய்கிறதென்று போலீஸுக்கு ஓடியவர் அவர்.

கதிர் இரண்டு நாள் விஷயத்தைத் தள்ளிப்போட்டான். மூன்றாம் நாள் தாரிணி அவனைப் பார்த்த பார்வையில், வேலை முடிந்து ரயிலேறி நகர மையத்துக்குப் போய், கவுன்சில் அலுவலகத்தில் வைரெமுவைக் கேட்டுப் பார்த்தான். வைரெமு மேசையில் ஈஸ்ட் டாமாக்கி வரைபடத்தை விரித்து வைத்திருந்தார். அந்தப் பின்கட்டு இப்போது பத்தரை சென்ட்தான், அரை சென்ட் எங்கே என்று ஒரு வருடமாகத் தேடுவதாகச் சொன்னார். நிலம் கிளம்பிய அவசரத்தில் ஒட்டிக்கொண்டு போய்விட்டிருக்கிறது என்றான் கதிர். திருச்சியில் இருக்கிறது, வேலிக்குள், நலமாக.

வைரெமு வரைபடத்தில் அந்தக் கரையோரத்தை விரலால் தடவினார். "எங்கள் நிலம் எங்கெல்லாமோ போயிருக்கிறது," என்றார். "போன இடத்திலிருந்து ஒருவன் வந்து சொல்வது இதுதான் முதல் தடவை." படிவத்தில் அதற்கு ஒரு கட்டம் இல்லாததால் ஓரத்தில் எழுதிக்கொண்டார். வேலியை எடுக்கச் சொல்ல வேண்டுமா என்று கதிர் கேட்டான். இருக்கட்டும், மாடு நுழையாமல் காக்கும் என்றார் வைரெமு. ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை அவர் அந்த அரை சென்ட்டின் போட்டோ கேட்டு மெசேஜ் அனுப்புவார். கதிர் மாமனாருக்குப் போன் போடுவான், மாமனார் முணுமுணுத்துக்கொண்டே வண்டியை எடுத்துப் போய் எடுத்து அனுப்புவார். புல் உயரமாக இருந்தால் வெட்டச் சொல்வார் வைரெமு. மாமனார் வெட்டுகிறார்.